ஆற்றுக்கு மூன்று லிட்டர் பால்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்தேன். கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் வீட்டுப் பசுவைப் பற்றி மட்டும் எழுதுவேன். எங்கள் வீட்டில் பசு இருக்கவில்லை. நாலு பேர் இருக்கும் அறையில் தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்முகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் ஊருக்கெல்லாம் கதை சொல்ல உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். நான் கோபிக்க மாட்டேன். கோபித்தாலும் வெளியே சொல்ல மாட்டேன்.

என் மனைவியின் அபிப்பிராயமும் இதுதான். நான் பேனாவும் தாளுமாக இருப்பதைக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாய் திறக்கவே வெக்கப்படுற மனுசன், இப்ப எழுதப் போறாராம்."

"சும்மாதான்" என்றேன்.

"சும்மா எழுதுங்கோ. ஆனா என்னைப் பற்றி ஒண்டும் எழுதப்படாது."

ஆகவே அவளைப் பற்றி எழுதவில்லை.

இந்த நாட்டில் என் உத்தியோக வரலாறு மிகச் சிறியது. முதலில் சிட்னியில், ஹோம்புஷில் ஒரு தோசைக்கடையில் பாத்திரம் கழுவினேன். அது நல்ல வேலை. பாத்திரங்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பிறகு மெல்பேர்னுக்கு வந்து, ரோவிலில் வீடு எடுத்து, ஒரு கோழித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். குளிர் அறைக்குள் வேலை. கோழிகள் முழுதாகச் செத்திருந்தன, நாங்கள் பாதி. குளிரைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு காலையும் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டி, ஆளுக்கொரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். உரித்த கோழிகள் வரிசையாகத் தொங்க, அதற்கு முன்னால் நின்று நான் என்ன நல்ல செய்தியைச் சொல்வது? "டுடே இஸ் டியூஸ்டே" என்று சொல்வேன். புதன்கிழமையும் ஒருமுறை அதையே சொல்லிவிட்டேன்.

கோழியிலிருந்து என்னை மீட்டது ஓர் ஆறு.

ஆற்றுக்கு மேலே பாலம் கட்டினால் எல்லோரும் வந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. என் குணத்துக்கு ஏற்ற தொழில். ஒரு கரையில் மெஷினை நிறுத்தி, உள்ளே துவாரமுள்ள இரும்புத் தண்டுகளை ஒன்றோடொன்று திருகிச் சாய்வாக நிலத்துக்குள் தள்ளுவார்கள். அவை ஆற்றின் அடியால் வளைந்து போய் மறுகரையில் தலை காட்ட வேண்டும். பிறகு அந்தத் துளையைப் பெருப்பித்து, அதற்குள்ளால் குழாயை இழுத்து எடுப்பார்கள். துளை இடிந்து விழாமல் இருக்கவும், அரைபட்ட மண்ணை வெளியே கொண்டுவரவும், தண்டுகளுக்குள்ளால் களிச்சேற்றை இடைவிடாமல் பம்ப் பண்ண வேண்டும். வெள்ளைக் களிமண் மாவைத் தண்ணீரில் கரைத்து எடுக்கும் சேறு அது. பதம் சரியாக வந்தால் அசல் எங்கள் ஊர் ஆடிக்கூழ் மாதிரியே இருக்கும்; பயறும் தேங்காய்ச் சொட்டும் மட்டும் குறைவு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆற்றின் அடியில் எங்காவது வெடிப்பு இருந்தால், பம்ப் பண்ணுகிற சேறு அதன் வழியாக மேலே கிளம்பி ஆற்றில் கலந்துவிடும். நாங்கள் வேலை செய்த ஆற்றில் ஏதோ ஒரு சின்ன மீன் இருந்தது. விரல் அளவுதான். அந்த மீனுக்கு இந்த நாட்டில் நிரந்தர வதிவிடம் உண்டு; எனக்குத் தற்காலிக விசா. சேறு கலந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். ஆகவே ஒரு தடவை சேறு ஆற்றுக்குள் வந்தாலும் வேலையை அந்த இடத்திலேயே மூடிவிட வேண்டும், இளவேனில் வரும்வரை திறக்கக் கூடாது என்பது உத்தரவு. மூடினால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு. எனக்கு வீட்டுக்கு அடுத்த நிறுத்தம் கோழி. கோழித் தொழிற்சாலைக்காரர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, இடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அன்பாகச் சொல்லியிருந்தார். 

சேறு வருகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அது நான். எனக்கு ஒரு மடக்குக் கதிரை, ஒரு போர்வை, ஒரு வோக்கி டோக்கி, குப்பை மிதந்து வந்தால் எடுக்க நீளத்தடியில் கட்டிய ஒரு வலை. நாள் முழுக்க ஆற்றைப் பார்க்க வேண்டும். இடைக்கிடை வோக்கியில் "கிளியர்" என்று சொல்ல வேண்டும். வெள்ளையாக ஏதாவது கண்டால் "ஸ்டொப்" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். வேலைக்கு வேண்டிய இங்கிலிஷ் இரண்டே சொல். கடவுள் எனக்கென்று அளந்து தைத்த வேலை.

மனைவியைப் பற்றி எழுத மாட்டேன் என்று சொன்னேன். இது அவள் சொன்னதைப் பற்றி.

"ஆத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு இஞ்ச சம்பளமோ? எங்கட ஊரில இதைத்தானே எல்லா ஆம்பிளையளும் சும்மா செய்தவை."

இடம் மெல்பேர்னிலிருந்து சில மணி நேர ஓட்டத்தில், மலைக்குள். மாதம் ஓகஸ்ட், அதாவது இங்கே நடுக்குளிர். மேலே உச்சியில் ஆட்கள் காசு கொடுத்துப் பனியில் விழுந்தெழும்புவார்கள். அவர்கள் விழுந்தெழும்பிக் குளிக்கிற ஹோட்டல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் எங்கள் குழாய். ஒரு தண்ணீருக்கு அடியால் இன்னொரு தண்ணீரை அனுப்புகிறோம். ஏன் இந்த ஆற்றிலேயே அள்ளக் கூடாது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் குளிர் உள்ளே போகும்.

எங்கள் கூட்டத்தில் மூன்று பேரை மட்டும் அறிந்தால் போதும்.

முதலாவது மெஷின்காரர். வெள்ளைக்காரர், சிவப்புத் தாடி, தாடியில் காலையில் பனித்துகள் ஒட்டியிருக்கும். மெஷினையும் எங்களையும் ஓட்டுபவர் அவர்தான். அவர் பேச்சிலிருந்து கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டால் "அந்த", "இந்த" மட்டும் மிஞ்சும். அவர் சொன்னதை இங்கே என் தமிழில், வடிகட்டித் தருகிறேன்.

இரண்டாவது ஆற்று அதிகாரி. அரசாங்கத்து ஆள், ஒல்லி, உயரம். சேறு வந்தால் வேலையை மூடுகிற அதிகாரம் அவரிடம். காலையில் வந்து காரை ஆற்றங்கரையில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருப்பார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். மீனைப் பாதுகாக்கிற மனுசனுக்கு ஆறு தெரியவே தெரியாது.

மூன்றாவது எங்கள் எஞ்சினியர். தமிழ்நாட்டுப் பெண், திருச்சிப் பக்கம், முப்பது வயதுக்கு மேலே இருக்கும். ஆற்றுக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்ப்பது அவள் பொறுப்பு. எங்கள் காலைக் கூட்டத்தில் கைதட்டல் இல்லை. அவள் மட்டும் பேசுவாள். ஆற்றில் எண்ணெய் விழக் கூடாது, சிகரட் விழக் கூடாது, துப்பக் கூடாது, தேநீர் மண்டியைக்கூடக் கொட்டக் கூடாது. ஒருநாள் மெஷின்காரர் கோப்பையின் அடியில் கிடந்ததை ஆற்றுப் பக்கமாக வீசிவிட, எல்லோருக்கும் முன்னால் அவரைப் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நிற்க வைத்துத் திட்டினாள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார். எனக்கு அவளிடம் பயமும் மரியாதையும்.

அவள் என்னை "அண்ணா" என்பாள். நான் எதற்கும் "ஓம்" என்பேன். கேட்டுப் புரிந்துகொண்டு சொல்கிற ஓம் இல்லை. பேச்சை முடிக்கிற ஓம். அதில்தான் பிசகு நடந்தது.

மாதம் பிறந்த கையோடு ஒருநாள் பின்னேரம் நான் கதிரையை மடித்துக்கொண்டு வரும்போது சொன்னாள்: "நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு அண்ணா. நாலு வருஷமா ரோவில்ல எங்க வீட்டு சிங்க்குல குழாயத் தொறந்துவிட்டுக் கும்புட்டுட்டு இருக்கேன். இந்த வருஷமாவது ஆறு கெடைச்சிருக்கு."

"ஓம்" என்றேன்.

"அவளுக்கு அடியிலயே ஓட்டை போடுறோம். ஒரு வார்த்தை சொல்லிக்கணும்ல?"

"ஓம், ஓம்."

எவள் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஆடி என்றால் கூழ், கொழுக்கட்டை. குடிக்கிறதும் தின்கிறதும்தான், ஆற்றோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. நான் வளர்ந்த பக்கம் குளம்தான். குளத்துக்கு யாரும் பண்டிகை கொண்டாடியதில்லை. தமிழர் எல்லோருக்கும் ஒரே ஆடிதான் என்று நம்பியிருந்தேன்.

மறுநாள் காலை புல்லெல்லாம் அப்பளம்போல மிதிபட மிதிபட நொறுங்கியது. மரங்களில் பனி. சேறு கரைக்கிற களித்தொட்டிக்குத் தண்ணீர் வருகிற ரப்பர் குழாய் இரவில் உறைந்து கம்பாக நின்றது. நெருப்புக் காட்டி, கேத்திலில் கொதித்த தண்ணீர் ஊற்றி இளக்கி, மெஷின்காரரின் வடிகட்ட முடியாத வார்த்தைகளோடு வேலை தொடங்கியது. அந்தக் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் உறையாது. பம்ப் நின்றால் குழாய் உறையும். குழாய் உறைந்தால் சேறு போகாது. சேறு போகாவிட்டால் துளைக்குள் மண் படிந்து தண்டுகள் அப்படியே பிடிபட்டுவிடும். ஆகவே ஆற்றின் அடியில் நிற்கும்போது மட்டும் பம்பை நிறுத்தக் கூடாது என்பது அவருடைய ஒரே மந்திரம்.

முற்பகல் அளவில் வோக்கி கரகரத்தது: "இப்ப ஆத்துக்கு நடுவில நிக்கிறம். கண்ணைத் துறந்து பார்."

"கிளியர்."

துளை போகிற கோட்டுக்கு அடையாளமாக இரண்டு கரையிலும் ஒவ்வொரு சிவப்புக் கம்பு நட்டிருந்தது. என் கதிரை அதற்குக் கொஞ்சம் கீழே. ஆற்றில் புகைமாதிரி மூடுபனி. போர்வைக்குள் நான் ஒரு மூட்டை. அப்போதுதான் கண்டேன். சிவப்புக் கம்புக்கும் மேல் பக்கத்தில், கரையோரமாக, தண்ணீர் மெதுவாக ஓடுகிற இடத்தில், வெள்ளையாக ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது.

எழும்பினேன். போர்வை காலில் சிக்கி விழுந்தேன். மறுபடி எழும்பி "ஸ்டொப், ஸ்டொப், ஸ்டொப்" என்று தெளிவாகச் சொன்னேன். மெஷின் நிற்கவில்லை. வோக்கியின் பொத்தானை அமத்தவில்லை. எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். பொத்தானை அமத்திய பிறகு எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையது என்று நான் இன்றும் நம்பவில்லை. மறுகரையில் நின்ற காக்கட்டுவாக் கிளிகள் எல்லாம் கத்திக்கொண்டு கிளம்பின. மெஷின் நின்றது. பம்ப் நின்றது. மலை முழுக்க அமைதி.

அந்த அமைதியில், வெள்ளைக்குப் பின்னால் ஆடி ஆடி ஒரு பாக்கு மட்டைத் தட்டு மிதந்து வந்தது. அதில் வெற்றிலை, ஒரு வாழைப்பழம், அணைந்துபோன ஓர் அகல்விளக்கு, ஒரு மஞ்சள் கயிறு, சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகக் காட்டு வாட்டில் பூ.

பதினெட்டாம் பெருக்கு என்றால் ஆற்றைத் தாயாகக் கும்பிட்டுப் படைக்கிற நாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சொன்ன ஓம் எல்லாம் திரும்பி வந்து காதில் அறைந்தன.

யோசிக்க நேரமில்லை. அதிகாரியின் கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் பார்க்க அன்றுதான் முதல்முறை அது திறந்தது. வலையை நீட்டித் தட்டை வாரி எடுத்து ஜக்கெட்டுக்குள் நெஞ்சோடு செருகிச் சிப்பை இழுத்தேன். பனித் தண்ணீர் உடம்பு வழியே இறங்கிச் சப்பாத்து வரை போனது.

அதிகாரி போத்தலோடு ஓடி வந்தார். மெஷின்காரர் கரையால் சறுக்கிக்கொண்டே வந்தார்.

"சேறோ?" என்று மெஷின்காரர் கேட்டார். தாடிக்குள் முகம் வெளுத்திருந்தது.

நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்டல் அவருக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

"ஓமோ, இல்லையோ?"

"மில்க்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி போத்தலில் தண்ணீரை அள்ளி வெளிச்சத்துக்குப் பிடித்தார். மெஷின்காரர் பொறுமை இல்லாமல் அதற்குள் விரலை விட்டு நக்கினார்.

"பால்தான்" என்றார். "கொழுப்பெடுக்காத பால்."

"ஆற்றில் ஏன் பால் வருகிறது?" என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். மெஷின்காரரும் என் சப்பாத்தைப் பார்த்தார்.

அதற்குள் மேல் பக்கத்திலிருந்து எஞ்சினியர் மூச்சிரைக்க ஓடி வந்தாள். தலையில் ஹெல்மெட், நெற்றியில் குங்குமம், கழுத்தில் புதிதாகக் கட்டிய தாலிக் கயிறு ஜக்கெட்டுக்கு வெளியே, கையில் வெறும் பால் போத்தல்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் இங்கிலிஷில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்: "அண்ணா, நேத்தே சொன்னேன்ல? நீங்களும் ஓம்னீங்களே!"

"நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே சொல்லுறனான், தங்கச்சி."

"எவ்வளவு ஊற்றினீர்?" என்று அதிகாரி கேட்டார்.

"மூணு லிட்டர். இவ்வளவு பெரிய ஆத்துக்கு ஒரு லிட்டர் ஊத்தினா அசிங்கம்."

மெஷின்காரர் தாடியைச் சொறிந்துகொண்டு அவளைப் பார்த்தார்.  கோப்பை அடியில் கிடந்த தேநீர் அவர் கண்ணில் தெரிந்தது.

"என் தேத்தண்ணியில" என்றார் மெதுவாக, "ஒரு கரண்டி பால்தான் இருந்தது."

அவள் முகம் சிவந்தது. "அது கழிவு. இது காணிக்கை."

"மீனுக்கு வித்தியாசம் தெரியுமோ?"

"சார், நீங்க சும்மா இருங்க" என்று தமிழில் சொன்னாள். அவருக்கு விளங்கியது.

அதிகாரி கையை உயர்த்தினார்.  "பால் வந்தது தெரிகிறது" என்றார். "ஆனால் பாலோடு சேறும் வந்ததா என்பது எனக்குத் தெரியாது. இரண்டும் வெள்ளை. துளை ஆற்றுக்கு நடுவில் நிற்கிற நேரம். நான் காருக்குள்ளே இருந்தேன்." கடைசி வசனத்தைக் கொஞ்சம் விழுங்கிச் சொன்னார். "சந்தேகம் என்றால் நான் மூட வேண்டியதுதான்."

மூடினால் இளவேனில் வரைக்கும். வட்டமாக நின்று கைதட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. உரித்த கோழிகள் வரிசையாகத் தெரிந்தன.

"பம்ப் நிண்டு எவ்வளவு நேரம்!" என்று மெஷின்காரர் கத்தினார். "குழாய் உறையுது. தண்டு பிடிபட்டா ஆத்துக்கு அடியில என்ர மெஷினில பாதி கிடக்கும். முடிவைச் சொல்லும்!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "பார்த்தது நீர் ஒருவர்தான். எங்கே கண்டீர், எப்படிக் கண்டீர் என்று சொல்லும்."

என் வாழ்க்கையில் இங்கிலிஷில் மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்து, மூன்று பேருக்கு முன்னால் நான் பேசியதில்லை. படகில் வந்ததைப் பற்றி விசாரித்த அதிகாரிக்குக்கூட மொழிபெயர்ப்பாளர்தான் பேசினார். அவர் எனக்காக அழுததும் உண்டு, நான் அழச் சொல்லவில்லை. இப்போது என் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஜக்கெட்டுக்குள் ஒரு வாழைப்பழம் மட்டும் இருந்தது.

சிப்பைத் திறந்தேன். தட்டை வெளியே எடுத்தேன். வாட்டில் பூ என் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. மெஷின்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"வைட் கம் வித் திஸ்" என்றேன். "ஃபிரம் அப். ரெட் ஸ்டிக் இஸ் டவுன். வைட் இஸ் பிஃபோர் ரெட் ஸ்டிக். ட்ரில் கனொட் கோ அப் அண்ட் மேக் பூசை."

வெள்ளை சிவப்புக் கம்புக்கு மேலேயே வந்துவிட்டது, துளையோ கம்புக்கு நேரே, ஆகவே இது துளையிலிருந்து வந்ததல்ல என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. சொல்லி முடித்ததும் தட்டை அதிகாரியிடம் நீட்டினேன். 

அதிகாரி தட்டை வாங்கிப் பார்த்தார். சிவப்புக் கம்பைப் பார்த்தார். மேலே அவள் நின்ற இடம்வரை நடந்துபோய்ப் பார்த்தார். அங்கே கல்லில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. கல்லின் அடித் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் பால் சுழன்றுகொண்டிருந்தது.

அவர் போயிருந்த நேரத்தில் எஞ்சினியர் என் பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, ஆத்துல விட்டதைத் திருப்பி எடுக்கலாமா? என் பழைய தாலிக் கயிறு அதுல இருக்கு. என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"ஆத்தில மிதக்கிறதை எடுக்கிறதுதானே தங்கச்சி என்ர வேலை. நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."



அதிகாரி திரும்பி வந்தார். "சேறு இல்லை" என்றார். "தொடங்கலாம். ஆனால் இனி நானும் இங்கே நின்று பார்ப்பேன்."

தொடங்குவது அவர் சொன்ன அளவு சுகமில்லை. ரப்பர் குழாய் மறுபடி கம்பாகியிருந்தது. நெருப்புக் காட்டினோம். கேத்தில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். எல்லாம் இளகியது, தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மூட்டு மட்டும் இளகவில்லை. கேத்திலை மறுபடி கொதிக்க வைக்க நேரமில்லை.

"சூடா ஏதாவது! எதுவெண்டாலும் பரவாயில்லை!" என்று மெஷின்காரர் கத்தினார்.

எஞ்சினியர் ஓடிப்போய்த் தன் பையிலிருந்து பெரிய பிளாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி பறந்தது.

"இது என்ன?"

"ரசம்."

அவருக்கு அது என்னவென்று தெரியாது, கேட்கவும் இல்லை. பிளாஸ்க்கைப் பிடுங்கி மூட்டின்மேல் கவிழ்த்தார். அதிகாரி குனிந்து, ஒரு சொட்டாவது ஆற்றுப் பக்கம் ஓடுகிறதா என்று பார்த்தார். புளியும் மிளகும் பெருங்காயமும் மலையடிவாரம் முழுக்க மணத்தது. குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பம்பை மெதுவாகத் திறந்தார். நின்றுபோன துளைக்குள் ஒரேயடியாக அழுத்தம் கொடுத்தால் அப்போதுதான் உண்மையான சேறு ஆற்றுக்குள் கிளம்பும். அந்த மனுசன் அவ்வளவு மென்மையாக ஒன்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நான் கதிரைக்குப் போனேன். அதிகாரி என் ஒரு பக்கம் நின்றார், எஞ்சினியர் மறுபக்கம். மூன்று பேரும் ஆற்றை முறைத்துக்கொண்டிருந்தோம். ஆறு எங்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கிளியர்?" என்று வோக்கி கேட்டது. முன்னொரு நாளும் அது கேள்வியாக வந்ததில்லை.

"கிளியர்."

கொஞ்ச நேரம் கழித்து, "கிளியர்?"

"கிளியர்."

எஞ்சினியரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. காவிரியைக் கூப்பிட்டாளோ, இந்த ஆற்றையே கூப்பிட்டாளோ தெரியாது. அதிகாரியும் ஏதோ முணுமுணுத்தார். அவர் மீனைக் கூப்பிட்டிருப்பார். எனக்குக் கூப்பிட யாரும் நினைவுக்கு வரவில்லை. கோழியைத்தான் நினைத்தேன்; அது போதுமான அளவு பக்தியைத் தந்தது.

பிற்பகலில் மறுகரையில் மண் மெல்லப் பிளந்து, தண்டின் தலை எட்டிப் பார்த்தது. மேலெல்லாம் கூழ் வழிய, எழுப்பிவிட்ட கோபத்தில் வந்த மாதிரி. மெஷின்காரர் இருக்கையிலிருந்து இறங்கித் தன் தொப்பியை மேலே எறிந்தார். அது ஆற்றுப் பக்கமாகப் போனது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கரையில்தான் விழுந்தது.

அதன் பிறகுதான் சாப்பாடு. எஞ்சினியர் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் மூன்றும் கொண்டுவந்திருந்தாள். ஆற்றங்கரையில் இருந்து சாப்பிட வேண்டுமாம், அதுவும் அந்த நாளின் வழக்கம். தயிர்ச் சாதம் டப்பாவுக்குள்ளேயே உறைந்து கட்டியாகியிருந்தது. மெஷின்காரர் அதைக் கத்தியால் வெட்டித் தின்றார்.

"நல்ல ஐஸ்கிரீம். ஆனா உப்பு."

அதிகாரி புளியோதரையில் கடலையைத் தேடித் தேடிப் பொறுக்கினார். தட்டிலிருந்த வாழைப்பழத்தை என்ன செய்வது என்று அவளைக் கேட்டேன்.

"ஆத்துக்குக் கொடுத்தது. நாம சாப்பிடக் கூடாது. திருப்பி விடவும் முடியாது, இவர் நிக்கிறார்." யோசித்தாள். "ஏதாவது ஒரு கோயில்ல சேர்த்துடுறேன்."

"மூன்று லிட்டர் எண்டு கணக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, நீங்களா பேசுறது?"

மெஷின்காரர் வாய் நிறையச் சோற்றோடு என்னைச் சுட்டிக்காட்டி, "இவன் இன்றைக்குக் கத்தின கத்தல் மலைக்கு மேலே வரைக்கும் கேட்டிருக்கும். இவ்வளவு நாளும் இந்தத் தொண்டையை ஆற்றங்கரையில் வீணாக வைத்திருக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்லதற்கில்லை என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில், ஆற்றில் கொட்டக் கூடாதவற்றின் வரிசையில் எஞ்சினியர் பாலையும் சேர்த்தாள். நல்ல தொண்டை என்று என்னை, நாலு பேரோடு நாள் முழுக்கக் கத்திப் பேச வேண்டிய களித்தொட்டிக்கு மாற்றினார்கள். என் கதிரையில் ஆற்று அதிகாரி இருந்தார். பத்து மணிபோலப் பனி பெய்யத் தொடங்கியது.